கனடா பாஸ்போர்ட், கோவைப் பட்டம், பெங்களூரு வீடு: டிஎன் கிடைக்குமா?

அல்சூர்வாசி · 6 அக்டோபர் 2025

கனடா குடியுரிமை, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) கார்டுல பெங்களூருல இருக்கேன். படிச்சது பி.இ. ஈசிஇ, கோவையில அண்ணா பல்கலையோட இணைஞ்ச காலேஜ், 2008. இப்ப இருக்கற கம்பெனியோட ஆஸ்டின் ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குப் புதுசா எச்-1பி (அமெரிக்க வேலை விசா) மனு போட்டா ஒரு லட்சம் டாலர்னு செப்டம்பர்ல உத்தரவு வந்ததுல கம்பெனி பின்வாங்கிடுச்சு. டிஎன் (கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கான அமெரிக்கத் தற்காலிக வேலை அனுமதி) போட்டுடலாம்னு எச்ஆர் சொல்றாங்க. நான் புரிஞ்சுகிட்டது இது: சென்னைத் தூதரகத்துல எனக்கு விசா ஸ்டாம்பிங், மனைவிக்கு (இந்திய பாஸ்போர்ட்) எல்லையில என்னோட சேர்த்தே கொடுத்துடுவாங்க. வேலையோட பேரு சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சரிதானே?

எல்லைச்சாவடி · 6 அக்டோபர், இரவு

தலைகீழாகப் புரிந்திருக்கிறீர்கள் சார். ஸ்டாம்பிங் வேண்டியது உங்கள் மனைவிக்கு. உங்களுக்குத் தூதரகத்தில் வேலையே இல்லை.

டிஎன் என்பது 1994 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தில் பிறந்தது. 2020 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தமான யுஎஸ்எம்சிஏ இருக்கிறது. மெக்சிகோ குடிமக்கள் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். கனடா குடிமக்களுக்கு விசா கிடையாது. காகிதங்களை எடுத்துக்கொண்டு நுழைவிடத்துக்கே போகிறார்கள், சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) அதிகாரி அங்கேயே பார்த்து முடிவு சொல்கிறார். கனடாவில் குடியிருக்க வேண்டும் என்று விதி இல்லை, குடியுரிமை இருந்தால் போதும். பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு) கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் இதில் வர மாட்டார்கள்.

ஒரு முறைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீடும் குலுக்கலும் கிடையாது. கட்டணம் 50 டாலர், தரைவழி எல்லையில் ஐ-94-க்கு (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) இன்னொரு 6 டாலர். ஒரு லட்சம் டாலர் உத்தரவு எச்-1பிக்கு உரியது, டிஎன்னைத் தொடாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கட்டணத்துக்கு அல்ல, அந்த வேலைப் பெயருக்கு. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

மகாதேவபுரம் · 7 அக்டோபர்

ஒரு திருத்தம். 6 டாலர் பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 30 முதல் தரைவழி ஐ-94 கட்டணம் 30 டாலர் ஆகிவிட்டது. ஆக தரைவழி எல்லையில் 80. விமான நிலையத்தில் ஐ-94-க்குத் தனிக் கட்டணம் இல்லை, 50 மட்டும்.

எல்லைச்சாவடி · 7 அக்டோபர்

சரி, 80தான். நன்றி.

இப்போது வேலைப் பெயர். ஒப்பந்தத்தின் 16-ஆம் அத்தியாயப் பிற்சேர்க்கையில் அறுபது சொச்சம் தொழில்களின் பட்டியல் இருக்கிறது. நாஃப்டா காலத்தில் எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதில் டேட்டா சயின்டிஸ்ட் இல்லை, புராடக்ட் மேனேஜர் இல்லை, டெவ்ஆப்ஸ் இல்லை. பேரிடர்க் காப்பீட்டு இழப்பை மதிப்பிடுபவர் இருக்கிறார், ஓட்டல் மேலாளர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார். உங்கள் வேலை பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு தொழிலுக்குள் உண்மையாகவே அடங்க வேண்டும், அந்தத் தொழிலுக்குப் பட்டியல் கேட்கிற படிப்பு உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அதிகாரியின் முழு வேலை.

மென்பொருள்காரர்களுக்கு இரண்டு வாசல். முதலாவது இன்ஜினியர்: இளநிலைப் பட்டம் அல்லது மாநில, மாகாண உரிமம். இரண்டாவது கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்: இளநிலைப் பட்டம், அல்லது டிப்ளமோவோடு 3 ஆண்டு அனுபவம். புரோகிராமர் என்ற தொழில் பட்டியலிலேயே இல்லை. வேலைக் குறிப்பில் கோடிங், கோடிங், கோடிங் என்று பத்து வரி இருந்தால் எந்த வாசலில் நின்றாலும் அடி விழும்.

பி.இ. ஈசிஇ இருப்பதால் உங்களுக்கு இன்ஜினியர் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் பட்டத்தில் உள்ள பொறியியலும் வேலையில் உள்ள பொறியியலும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஃபர்ம்வேர், எம்பெடட், நெட்வொர்க், சிக்னல் பிராசசிங் பக்கம் வேலை என்றால் சிக்கல் குறைவு. வெறும் வலைப் பயன்பாடு என்றால், கட்டமைப்பு வடிவமைப்பு, நம்பகத்தன்மைப் பகுப்பாய்வு, செயல்திறன் கணக்கீடு என நீங்கள் உண்மையில் செய்கிற பொறியியல் பகுதியைக் கடிதத்தில் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். செய்யாததை எழுதச் சொல்லவில்லை. செய்வதில் எது பொறியியல் என்று பிரித்துக் காட்டச் சொல்கிறேன்.

2025 ஜூனில் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தன் கொள்கைக் கையேட்டில் இன்ஜினியர் பகுதியை இறுக்கியது. பொறியியல் பட்டம் இல்லாமல் பதவியில் மட்டும் இன்ஜினியர் என்று இருப்பவர்கள் இப்போது அதிகம் மாட்டுகிறார்கள். பி.எஸ்சி. கணினி அறிவியல், பிசிஏ, எம்சிஏ படித்தவர்கள் அனலிஸ்ட் வாசலைப் பார்ப்பதே நல்லது.

பானசங்கரி · 7 அக்டோபர்

என் தம்பி கனடா சிட்டிசன். பாலிடெக்னிக் டிப்ளமோ, தமிழ்நாட்டுல படிச்சது, 11 வருஷ அனுபவம். அனலிஸ்ட்ல டிப்ளமோ + 3 வருஷம் போதும்னு எழுதியிருக்கீங்க. அவனுக்கு ஓகேவா?

எல்லைச்சாவடி · 7 அக்டோபர்

இல்லைங்க. முதலிலேயே விளக்கி எழுதியிருக்க வேண்டியது இது. விதியில் டிப்ளமோ என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது: அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்துப் பெற்றது. நம் ஊர் பாலிடெக்னிக் அதில் சேராது, அனுபவம் 11 ஆண்டு ஆனாலும் சரி. எச்-1பியில் மூன்று ஆண்டு அனுபவத்தை ஓராண்டுப் படிப்பாகக் கணக்கிடும் வழி உண்டு, டிஎன்னில் கிடையாது. தம்பி கனடாவில் இரண்டாண்டு கல்லூரி டிப்ளமோ ஏதாவது முடித்திருந்தால் சொல்லுங்கள், கதை மாறும்.

கணக்கர் · 8 அக்டோபர்

கணக்குத் துறைக்கும் இதே குழி இருக்கிறது. பட்டியலில் அக்கவுன்டன்ட் என்பதற்கு எதிரே இளநிலைப் பட்டம், அல்லது சிபிஏ, சிஏ, சிஜிஏ, சிஎம்ஏ என்ற கணக்காளர் தகுதிகளில் ஒன்று என்று இருக்கும். சிஏ என்று கண்டதும் நம்மவர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். அங்கே சொல்லும் சிஏ கனடாவின் பழைய பட்டப் பெயர். இப்போது கனடாவில் சிஏ, சிஜிஏ, சிஎம்ஏ மூன்றும் சிபிஏ என ஒன்றாகிவிட்டன. இந்திய சிஏ சான்றிதழை மட்டும் நம்பி அதிகாரியின் மேசைக்குப் போகாதீர்கள். மூன்றாண்டு பி.காம்., அதற்கு மேல் சிஏ, இரண்டையும் சேர்த்து மதிப்பீடு வாங்கி, அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்று அறிக்கையில் வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அல்சூர்வாசி · 8 அக்டோபர்

மதிப்பீடுன்னா? பட்டச் சான்றிதழ் நகல் போதாதா? கனடா பிஆருக்குப் போட்டப்ப வாங்கின ஈசிஏ (கல்விச் சான்று மதிப்பீடு) ஒண்ணு இருக்கு.

எல்லைச்சாவடி · 8 அக்டோபர்

போதாது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ தவிர்த்த இடத்தில் வாங்கிய பட்டம் என்றால் நம்பகமான மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையும் கூடவே இருக்க வேண்டும். இது விதியிலேயே எழுதியிருப்பது. உங்கள் ஈசிஏ கனடியச் சமநிலையைச் சொல்வது. அமெரிக்கச் சமநிலைக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள், பாடவாரி அறிக்கையாக. ஈசிஇயில் நீங்கள் படித்த நுண்செயலி, தரவு அமைப்பு, கணினி வலைப்பின்னல் பாடங்கள் அதில் தனித்தனியாகத் தெரிந்தால் நேற்று சொன்ன பொருத்தத்துக்கு அதுவே சாட்சி.

மதிப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்திடமிருந்தே மதிப்பெண் பட்டியல் வர வேண்டும் என்று கேட்டால், கிண்டியில் அண்ணா பல்கலையின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். நேரம் தின்கிற வேலை இதுதான். கம்பெனிக் கடிதத்தை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். டிரான்ஸ்கிரிப்ட் அப்படி வராது, இன்றைக்கே ஆரம்பியுங்கள். கையில் இருப்பது புரொவிஷனல் மட்டுமா, கான்வொக்கேஷன் சான்றிதழா என்றும் பாருங்கள். புரொவிஷனலை மட்டும் நீட்டினால் பட்டம் முடிந்ததா என்ற கேள்வி வரும்.

மகாதேவபுரம் · 8 அக்டோபர்

இனிஷியல்! அதை யாரும் சொல்லவில்லையே. பட்டத்தில் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். கனடா பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதிகாரிக்கு இவை இரண்டு வேறு ஆட்கள்.

எல்லைச்சாவடி · 9 அக்டோபர்

மிக முக்கியமான குறிப்பு. தமிழர்களுக்கு இது தனியாக வருகிற தொல்லை. செய்ய வேண்டியது: மதிப்பீட்டு அறிக்கையைப் பாஸ்போர்ட் பெயரில் எடுங்கள், பட்டத்தில் உள்ள வடிவமும் அதில் இருக்கட்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம்; பெங்களூரில் இ-ஸ்டாம்ப் தாளில் அடித்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். கூடவே அப்பா பெயர் முழுசாக உள்ள பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அல்லது பழைய இந்திய பாஸ்போர்ட்டின் நகல். அந்தப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்கியிருப்பீர்கள், அதன் நகலும் உதவும். கம்பெனிக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஆபீசில் கூப்பிடுகிற சுருக்கப் பெயர் அதில் வேண்டாம்.

எல்லைச்சாவடி · 11 அக்டோபர்

கடிதம். எச்ஆர் கொடுக்கிற ஆஃபர் லெட்டர் இதற்கு உதவாது, தனியாக எழுத வேண்டும். கட்டாயம் இருக்க வேண்டியவை: பட்டியலில் உள்ள தொழிலின் பெயர், அன்றாடம் என்ன செய்வீர்கள் என்ற சுருக்கம், எவ்வளவு காலம், உங்கள் படிப்பும் தகுதியும், சம்பள ஏற்பாடு. உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் அதையும் சொல்ல வேண்டும். காலம் என்ற இடத்தில் மூன்று ஆண்டு என்று தேதியோடு எழுதுங்கள். நிரந்தரப் பணி என்ற சொல் எங்கும் வரக் கூடாது. டிஎன் தற்காலிக நுழைவு. அதற்கு நியாயமான, எல்லையுள்ள முடிவு இருக்க வேண்டும் என்பது விதி.

கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேசையில் இருப்பவருக்கு உங்கள் ஒருவருக்காக அரை மணி நேரம் கிடைக்காது. முதல் பத்தியிலேயே இன்ன தொழில், இன்ன பட்டம் என்று கண்ணில் பட வேண்டும்.

சில எச்ஆர்கள் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் என்று போட்டுவிடலாம் என்பார்கள், பட்டம் இல்லாவிட்டாலும் 5 ஆண்டு அனுபவம் போதும் என்பதால். வேண்டாம். அது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்து ஆலோசனை சொல்பவருக்கானது. சம்பளப் பட்டியலில் சேர்ப்பதென்றால் வழக்கமான பணியிடமாக இல்லாமல் கூடுதலான தற்காலிக இடமாக இருக்க வேண்டும். அதிகாரிகள் முதலில் சந்தேகப்படும் தொழில் அதுதான்.

அதேபோல் எக்கனாமிஸ்ட். ஃபைனான்சியல் அனலிஸ்ட், மார்க்கெட் ரிசர்ச் அனலிஸ்ட் இதில் வர மாட்டார்கள் என்று 2017 நவம்பரிலேயே யுஎஸ்சிஐஎஸ் எழுத்தில் கொடுத்துவிட்டது. டேட்டா சயின்ஸ்காரர்களில் புள்ளியியல் படித்தவர்கள் மேத்தமெடிஷியன் என்பதைப் பார்க்கலாம், அதற்குள் ஸ்டாட்டிஸ்டீஷியன் அடக்கம்.

ஜேபிநகர் · 12 அக்டோபர்

சொந்தமா எல்எல்சி கம்பெனி வச்சு, அது மூலமா டிஎன் எடுக்கலாமா?

எல்லைச்சாவடி · 12 அக்டோபர்

முடியாது. சுயதொழிலுக்கு டிஎன் இல்லை. நிறுவனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவும் சுயதொழில்தான்.

அல்சூர்வாசி · 13 அக்டோபர்

டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் போட்டாச்சு. இப்ப எங்க போறது? பெங்களூருலேர்ந்து நேரா அமெரிக்காவுல இறங்கி அங்கயே கேக்கலாமா, டொரண்டோ போகணுமா?

எல்லைச்சாவடி · 13 அக்டோபர்

விதிப்படி மூன்று இடத்திலும் கேட்கலாம்: தரைவழி முதன்மை நுழைவிடம், பன்னாட்டு விமானம் வருகிற அமெரிக்க விமான நிலையம், வெளிநாட்டில் உள்ள பிரீகிளியரன்ஸ் நிலையம் (அமெரிக்க நுழைவுச் சோதனையை விமானம் ஏறும் முன்பே முடிக்கும் இடம்). எது நல்லது என்பது மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது.

டொரண்டோ பியர்சனிலோ வான்கூவரிலோ பிரீகிளியரன்ஸில் மறுத்தால் நீங்கள் கனடா மண்ணில் இருக்கிறீர்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கேட்டு, வெளியே வந்து, காகிதத்தைச் சரிசெய்து இன்னொரு நாள் போகலாம். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து அமெரிக்காவில் இறங்கி மறுக்கப்பட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். நிலைமை மோசமானால் ஐந்தாண்டுத் தடை வரைக்கும் போகக்கூடிய வெளியேற்ற ஆணைக்கும் இடம் உண்டு. புதிதாக எடுப்பவருக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

பிரீகிளியரன்ஸில் அன்றைய அமெரிக்க விமானத்துக்கான போர்டிங் பாஸ் கையில் இருக்க வேண்டும். டிஎன் என்றதும் இரண்டாம் கட்ட அறைக்கு அனுப்புவார்கள், அங்கே வரிசை. நான்கு மணி நேரம் முன்னால் போங்கள். விமானம் தவறக்கூடும், மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பஃபலோ பக்கம் பீஸ் பிரிட்ஜ், டெட்ராய்ட் பக்கம் அம்பாசடர் பிரிட்ஜ், வாஷிங்டன் மாநிலத்தில் பீஸ் ஆர்ச் போன்ற தரைவழிகளில் டிக்கெட் தொல்லை இல்லை, டிஎன்னைத் தினமும் பார்க்கிற அதிகாரிகள். பெங்களூரிலிருந்து போய் டொரண்டோவில் உடனே விமானம் மாறாமல் ஓரிரவாவது தங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் உங்கள் வேலையை நீங்களே தப்பாகச் சொல்லிவிடுவீர்கள்.

கேள்விகள் எளிமையானவை. என்ன வேலை, என்ன படித்தீர்கள், யார் சம்பளம் தருகிறார்கள், முடிந்ததும் எங்கே போவீர்கள். கடைசிக் கேள்விக்குப் பெங்களூரு வீட்டின் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ கனடாவில் உள்ள கணக்குகளோ ஏதாவது காட்ட இருக்கட்டும்.

மகாதேவபுரம் · 14 அக்டோபர்

அபுதாபியிலும் பிரீகிளியரன்ஸ் இருக்கிறதே. பெங்களூரிலிருந்து பக்கம்.

எல்லைச்சாவடி · 14 அக்டோபர்

இருக்கிறது, 2014 முதல். விதி அதை விலக்கவில்லை. ஆனால் கனடா எல்லையைப் போல அங்கே டிஎன் தினசரி வருகிற விண்ணப்பம் இல்லை. முதல் முறைக்கு நான் சொல்ல மாட்டேன்.

எல்லைச்சாவடி · 16 அக்டோபர்

இரண்டு நாளாக யோசித்ததில் 13-ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கனடாவில் இருப்பவருக்கு எல்லைதான் மலிவு, வேகம். ஏழு கடல் தாண்டி இருப்பவருக்கு இன்னொரு வழி பொருத்தம்: நீங்கள் பெங்களூரில் இருக்கும்போதே கம்பெனி ஐ-129 மனுவை யுஎஸ்சிஐஎஸ்ஸில் போடலாம். விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் வரும். ஆவணம் குறைவு என்று கேள்வி வந்தாலும் வீட்டிலிருந்தே பதில் அனுப்பலாம். ஒப்புதல் நோட்டீஸ் ஐ-797 வந்த பிறகு நேராக அமெரிக்காவுக்கே பறக்கலாம். நுழைவிடத்தில் அதிகாரி மறுபடி கேள்வி கேட்கலாம், ஆனால் தொழிலும் பட்டமும் பொருந்துகிறதா என்பதை ஒருவர் ஏற்கெனவே பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார். செலவு பல மடங்கு கூடுதல்தான், அதைக் கம்பெனி ஏற்கட்டும். எச்-1பிக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு இது சில்லறை.

இந்த வழியில் போனால் ஒன்று: கெம்பேகவுடா விமான நிலையச் செக்-இன் கவுன்டரில் விசா எங்கே என்பார்கள். கனடா பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கு என்று டைமேட்டிக்கில் (விமான நிறுவனங்கள் பயண ஆவண விதிகளைப் பார்க்கும் தளம்) பார்க்கச் சொல்லுங்கள், ஐ-797 அசலையும் காட்டுங்கள். வாக்குவாதம் வேண்டாம், சூப்பர்வைசரைக் கேளுங்கள்.

அல்சூர்வாசி · 19 அக்டோபர்

கம்பெனி ஐ-129க்கு ஒத்துகிட்டாங்க. மனைவி விஷயம்?

எல்லைச்சாவடி · 20 அக்டோபர்

அவருக்கு டிடி, அதாவது டிஎன்காரரின் குடும்பத்துக்கான வகை. கணவனோ மனைவியோ எந்த நாட்டவராக இருந்தாலும் கிடைக்கும், ஆனால் இந்திய பாஸ்போர்ட் என்றால் விசா ஒட்டியிருக்க வேண்டும். பெங்களூரில் 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தார்களே தவிர விசா வேலை இன்னும் அங்கே நடக்கவில்லை. சென்னை ஜெமினி மேம்பாலத்தடிக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் ஐதராபாத்.

டிஎஸ்-160 படிவம், 185 டாலர், கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு ஏறக்குறைய எடுபட்டுவிட்டது, நேரில் போயே ஆக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: உங்கள் கனடா பாஸ்போர்ட் நகல், ஐ-797, நீங்கள் முன்னால் போய்விட்டால் உங்கள் ஐ-94 அச்சு, கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் எடுபடாது. சார்பதிவாளரிடம் பதிவு செய்யவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். உங்கள் பெயர் அங்கேயும் ஒத்துப்போக வேண்டும், மறுபடி இனிஷியல்தான்.

மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியா? அப்படியென்றால் விசாவில் அவர் பெயர் குடும்பப் பெயராகவும், முன்பெயர் எஃப்என்யு (முன்பெயர் தெரியவில்லை) என்றும் அச்சாகும். டிஎஸ்-160, ஐ-94 தேடல், ஓட்டுநர் உரிமம் எல்லா இடத்திலும் அந்த எஃப்என்யு துரத்தும். நேரம் இருந்தால் பாஸ்போர்ட் சேவா மையத்தில் பெயரைப் பிரித்து மறுவெளியீடு வாங்கிவிட்டுப் பிறகு விசாவுக்குப் போடுவது உத்தமம்.

டிடியில் படிக்கலாம். வேலை செய்ய முடியாது, வேலை அனுமதி அட்டையும் கிடையாது. இதை வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெங்களூரில் நல்ல வேலையில் இருப்பவர் அங்கே போய் மூன்று ஆண்டு சும்மா இருப்பது சின்ன விஷயம் இல்லை. அவருக்குத் தெரியாமல் முடிவு எடுக்கக் கூடாது.

கணக்கர் · 21 அக்டோபர்

வேலையை விடும்போது பிஎஃப் பாருங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதால் உங்கள் கணக்கு சர்வதேசத் தொழிலாளர் வகையில் இருக்கும். இந்தியா–கனடா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ளது. பணம் எடுக்கும் விதியில் அது வித்தியாசம் செய்யும். கம்பெனி உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன்னில் உங்கள் நாட்டைச் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போவதற்கு முன் பாருங்கள்.

பானசங்கரி · 24 அக்டோபர்

டிஎன்ல போய் கிரீன் கார்டு போட்டுக்கலாம்ல? கனடா பாஸ்போர்ட்னா வரிசை சீக்கிரம் நகருமே.

எல்லைச்சாவடி · 24 அக்டோபர்

நகராது. வரிசை பிறந்த நாட்டைப் பார்க்கும், பாஸ்போர்ட்டைப் பார்க்காது. கோவையில் பிறந்தவர் கனடா குடிமகன் ஆனாலும் இந்திய வரிசையில்தான் நிற்பார். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசைக்கு மாறிக்கொள்ள வழி உண்டு.

எச்-1பி போல டிஎன்னில் இரட்டை நோக்கம் (தற்காலிகமாக வந்து நிரந்தரமாகத் தங்கவும் முயல்வது) இல்லை. கிரீன் கார்டு மனு போட்ட பிறகு டிஎன் புதுப்பிக்கப் போனால் தற்காலிகமாகத்தான் இருக்கப் போகிறீர்களா என்ற கேள்வி கூர்மையாக வரும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் ஏமாற மாட்டார்.

மகாதேவபுரம் · 26 அக்டோபர்

ஒப்பந்தமே இருக்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்எம்சிஏவுக்கு 16 ஆண்டு ஆயுள், 2026 ஜூலை 1-இல் மூன்று நாடுகளும் கூட்டாய்வு செய்ய வேண்டும். நீட்டிக்க ஒப்பவில்லை என்றாலும் அன்றே முடியாது, ஆண்டுதோறும் ஆய்வு நடக்கும், 2036 வரை ஓடும். ஒரு நாடு விலக வேண்டும் என்றால் 6 மாத முன்னறிவிப்பு.

எல்லைச்சாவடி · 26 அக்டோபர்

ஆமாம். அதனால்தான் மூன்று ஆண்டையும் ஒரேயடியாகக் கேளுங்கள் என்கிறேன். வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு, ஐ-94 தேதி அதற்குள் முடியாமல் இருந்தால். டிஎன் ஒரு கம்பெனியோடு கட்டியது; மாறினால் புது விண்ணப்பம்.

அல்சூர்வாசி · 2 நவம்பர்

மதிப்பீடு வந்துருச்சு, எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் இளநிலைக்குச் சமம்னு போட்டிருக்கு. கடிதம் ரெண்டு பக்கம். பாஸ்போர்ட் 2027 மார்ச் வரைக்கும் இருக்கு, அது பிரச்சினை இல்லையே?

எல்லைச்சாவடி · 2 நவம்பர்

பிரச்சினைதான். மூன்று ஆண்டுக்கு ஒப்புதல் வந்தாலும் பாஸ்போர்ட் முடிகிற தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவார்கள். ஒப்புதல் நோட்டீஸில் ஒரு தேதி, ஐ-94-இல் இன்னொன்று. பலர் நோட்டீஸை நம்பிக்கொண்டு இருந்து காலம் கடந்துவிடுகிறார்கள். மனு போவதற்கு முன் புதுப்பியுங்கள். புது பாஸ்போர்ட் வந்ததும் அதன் விவரத்தை ஓசிஐ தளத்தில் ஏற்றிவிடுங்கள். உள்ளே நுழைந்த அன்றே சிபிபி தளத்தில் ஐ-94 எடுத்து மூன்றைப் பாருங்கள்: பெயர், டிஎன் என்ற வகை, தேதி. வகை பி-2 (சுற்றுலா) என்று விழுந்திருந்தால் சம்பளம் வாங்குவதற்கு முன்பே டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.